தளபதி பல் மீதான விசாரணை

அவர் பல்செட் செய்கிறவர். பல் மருத்துவமனையின் பின்பக்கம், எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் அவருக்கு ஒரு சின்ன அறை உண்டு. டாக்டர் நோயாளியின் வாயில் எடுத்த அச்சைத் தட்டில் வைத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, பித்தளை டப்பாவுக்குள் வைத்து இறுக்கி, வெந்நீர்த் தொட்டியில் இறக்குவார். வெந்து முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரமும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், ஆனால் ஆளுக்கு வேலை எதுவும் கிடையாது. பத்தொன்பது வருடமாக அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அந்தப் பக்கமாக வந்த மைத்துனன், அவர் சுவரைப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவர் போனை வாங்கி ஓர் ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தான்.

"நாடு பிடிக்கிற ஆட்டம், மச்சான். உலகம் பூரா ஆடறாங்க. யாரு என்னன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதான் இதுல சுகமே."

மைத்துனன் மூன்றாம் நாள் ஆட்டத்தை விட்டுவிட்டான். அவன் எதையுமே மூன்றாம் நாள் விட்டுவிடுவான். இவர் எடுத்த எதையும் விடாதவர்.

ஆட்டம் முதலில் பெயர் கேட்டது. அந்த நேரம் இவர் கையில் ஒரு கடைவாய்ப்பல் இருந்தது. "பல்" என்று அடித்தார். அந்தப் பெயரைப் பார்த்தே அக்கம்பக்கத்து ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் மலைக்கு அந்தப் பக்கம் போய்க் குடியேறிவிட்டார்கள் என்பது அவருக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு கிராமம் ஒதுக்கப்பட்டது. ஒரு வருடமும் இரண்டு மாதமுமாக அதைக் கட்டினார். நாலு கோதுமை வயல், முப்பது ஆடு, இடுப்புயர மதில், பதின்மூன்று வீரர்கள். வீரர்கள் பெரும்பாலும் ஆடு மேய்த்தார்கள். இத்தனை வருடத்தில் அவர் செய்ததெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் போய்விட்டது. அவர் செய்து, அவர் கண்முன்னால் அப்படியே நின்றது அந்தக் கிராமம் ஒன்றுதான்.

தனியாக நிற்கிற கிராமத்தை எவனாவது கொளுத்திவிடுவான் என்று சொன்னார்கள். எனவே ஒரு கூட்டணியில் சேர்ந்தார். அதன் பெயர் நித்திய நட்புப் பேரவை. மொத்தம் நாற்பத்திரண்டு உறுப்பினர்கள். அவர்களில் முப்பத்தொரு பேருக்குப் பதவி இருந்தது. மீதிப் பதினொரு பேர் பதவி கோருவோர் பட்டியலில் இருந்தார்கள். இவர் எதையும் கோரவில்லை. ஆனாலும் பெயர்ப் பொருத்தம் கருதி "தளபதி" என்று போட்டுவிட்டார்கள். தளபதி பல்.

பேரவைக்கு எண்பத்து நாலு விதிகள். முதல் விதி, யாரும் யாருடைய நிஜப் பெயரையும் கேட்கக்கூடாது. இரண்டாவது விதி, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் முழுமையாக நம்ப வேண்டும். மூன்றிலிருந்து எண்பத்து நாலு வரை, இரண்டாவது விதியை மீறுகிறவர்களை என்ன செய்வது என்பது பற்றி.

தலைவரின் பெயர் பேரரசர் இடி. வாரத்துக்கு ஒருமுறை பேருரை அனுப்புவார். "உறுப்பினர்களே! இந்தப் பேரவை தனியொருவரின் சொத்து அல்ல. இதை நான் கட்டினேன், நான் நடத்துகிறேன், நான் இல்லாவிட்டால் இது இல்லை. ஆகவே இது நம் அனைவருக்கும் சொந்தம்." கீழே நாற்பத்தொரு கைதட்டல்கள் வரும். தட்டாதவர் பெயரைக் குறித்துக்கொள்வது ஒழுங்குக் குழுத் தலைவர் கழுகின் பொறுப்பு. அவர் தட்டிக்கொண்டே குறிப்பார்.

ஆட்டத்தில் முகமூடிக் கடிதம் என்று ஒரு வசதி இருந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று கடிதம், யாருக்கு வேண்டுமானாலும், பெயர் தெரியாமல் அனுப்பலாம். பேரவையில் யாரைப் பற்றியும் யாரும் நேராகப் புகார் சொல்வது மரியாதை இல்லை என்பதால் எல்லாப் புகாரும் முகமூடியில்தான் வரும். நாளடைவில் கடிதங்கள் குவிந்துபோக, கழுகு ஒரு சுற்றறிக்கை விட்டார். "பெயரில்லாக் கடிதம் அனுப்புவோர், அலுவலக வசதிக்காகத் தமது பெயரைத் தனித் தாளில் குறிப்பிட்டு இணைக்கவும். இணைக்காத கடிதங்கள் பெயரில்லாக் கடிதங்களாகவே கருதப்படும்."

தளபதி பல் இதை மூன்று தடவை படித்தார். தனக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்தார்.

அந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் பேரவையின் படை எங்கோ போவதற்காக அவருடைய கிராமத்தின் வழியாகப் போனது. அதற்கு நட்பு அணிவகுப்பு என்று பெயர். அணிவகுப்பு முடிந்தபோது நாலு வயலும் காலி. குதிரைகள் தின்றது போக மிச்சத்தை மிதித்திருந்தன. நஷ்டத்துக்கு என்ன வழி என்று கேட்டு எழுதினார். "நண்பர்களால் ஏற்படுவது நஷ்டம் ஆகாது, பங்களிப்பு ஆகும்" என்று பதில் வந்தது. கூடவே பங்களிப்புக்கான ஒரு பதக்கமும் வந்தது.

ஆடுகள் கத்த ஆரம்பித்தன. இரண்டு நாள் இப்படியே போனால் ஒவ்வொன்றாகச் சாகும். என்ன செய்வது என்று தெரியாமல் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கிராமத்துக்கு ஒரு வரி எழுதினார். அந்த ஊர்க்காரரின் பெயர் ஆமை. ஆமை அஞ்சாநெஞ்சர் அணியைச் சேர்ந்தவர். அதாவது எதிரி.

"தீவனம் இருந்தா கொஞ்சம் தர முடியுமா? அறுவடை ஆனதும் திருப்பித் தர்றேன்."

பத்து நிமிடத்தில் இருநூறு மூட்டைக் கோதுமை ஆற்றைக் கடந்து வந்தது. கூடவே ஒரு வரி. "குட்டி போட்ட ஆட்டுக்கு மொதல்ல போடுங்க."

அவ்வளவுதான். ஆமை ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயது, ஒன்றும் தெரியாது. அதன்பிறகு தினமும் பல் வேகிற நேரத்தில் இருவரும் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அநேகமாக ஆடுகளைப் பற்றி.

இரண்டு மாதம் கழித்துப் பேரவையில் கட்டளை வந்தது. நாளை மாலை நாலு மணிக்கு ஆமையின் கிராமத்தின் மீது தாக்குதல். கொளுத்துதல், ஆடுகளைக் கைப்பற்றுதல். முன்னணியில் தளபதி பல்லின் பதின்மூன்று வீரர்கள்.

அன்று அவருக்கு வேலை ஓடவில்லை. ஓர் அம்மாவுக்குச் செய்த செட்டில், வெட்டுப்பல் வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோரைப்பல்லை வைத்து வேகவைத்துவிட்டார். அந்த அம்மா மாட்டிக்கொண்டு சிரித்ததும் எதிரே உட்கார்ந்திருந்த பேரன் அழுதான்.

"என்னய்யா ஆச்சு உனக்கு?" என்றார் டாக்டர். "பத்தொன்பது வருஷத்துல ஒரு பல்லு மாறினதில்லையே."

"ஒரு சின்ன யோசனை, டாக்டர்."

"பல்லு வைக்கும்போது யோசிக்காதே. யோசிக்கிறதுக்குத்தான் வேகவைக்கிற நேரம் இருக்கே."

அந்த நேரத்தில் யோசித்தார். பிறகு முகமூடி போட்டு ஆமைக்கு எழுதினார். "நாளைக்கு நாலு மணிக்கு வர்றாங்க. ஆடுகளை மலைக்கு ஓட்டிடுங்க."

மறுநாள் நாலு மணிக்கு இருபத்தாறு கிராமங்களின் படை ஆற்றைக் கடந்து போனது. அக்கரையில் ஒன்றுமில்லை. கதவு திறந்திருந்தது, கிடங்கு காலி. வாசலில் ஒரு பலகை: "வெளியே சென்றிருக்கிறோம்." வெற்று வீட்டைக் கொளுத்துவது ஆட்டத்தின் விதிப்படி வெற்றிக் கணக்கில் வராது, எனவே கொளுத்தாமல் திரும்பினார்கள். ஆனாலும் பேரரசர் இடி வெற்றியை அறிவித்தார். "நம் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எதிரி, தன் ஆடுகளுடன் புறமுதுகு காட்டினான்." பிறகு தனியே கழுகைக் கூப்பிட்டு, எதிரிக்குத் தகவல் சொன்னது யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்.

துரோகியைப் பற்றி அறிந்தவர்கள் முகமூடிக் கடிதம் அனுப்பலாம் என்று கழுகு அறிவித்தார். நாற்பத்திரண்டு பேர் உள்ள பேரவையிலிருந்து எண்பத்தொன்பது கடிதங்கள் வந்தன. எல்லோரும் எல்லோரையும் சொல்லியிருந்தார்கள். பேரரசரையே ஆறு பேர் சொல்லியிருந்தார்கள். ஒருவர் தன்னையே சொல்லியிருந்தார், பதவி கிடைக்காத வருத்தத்தில். ஒரே ஓர் உறுப்பினரைப் பற்றி மட்டும் ஒரு புகார்கூட இல்லை.

தளபதி பல்லுக்குக் குற்றப்பத்திரிகை வந்தது. முதல் குற்றச்சாட்டு: "மேற்படி நபர்மீது எவரும் புகார் அளிக்கவில்லை. அனைவரும் சந்தேகிக்கப்படும் ஓர் அமைப்பில் சந்தேகிக்கப்படாமல் இருப்பது மேற்படி நபரின் தந்திரத்தைக் காட்டுகிறது." மூன்று நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் கிராமம் கொளுத்தப்படும்.

அன்று மாலை அவர் தட்டில் போட்டது அப்படியே இருந்தது. மனைவி பார்த்தாள். அவள் ஓர் அரசு அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறவள். ஐந்து வருடமாகத் தலைமை எழுத்தர்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா சாப்பிடுங்க."

அவர் போனை நீட்டினார். முழுக்கச் சொன்னார். ஆடு, தீவனம், ஆமை, முகமூடி எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குற்றப்பத்திரிகையை நிதானமாகப் படித்தாள்.

"யாரு எழுதினது இது?"

"கழுகுன்னு ஒருத்தர். யாருன்னு தெரியாது."

"நல்ல கை. 'மேற்படி' நாலு எடத்துல வருது, நாலும் சரியான எடம். ஆனா இணைப்பு ஒண்ணுன்னு சொல்லியிருக்கார், இணைப்பே இல்லை." கண்ணாடியைக் கழற்றினாள். "ஆமா, நீங்க தகவல் சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"சரி. அது இந்தக் காகிதத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்."

அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். குற்றப்பத்திரிகை கிடைக்கப்பெற்றது. இணைப்பு ஒன்று இணைக்கப்படவில்லை, அதன் நகல் தேவை. புகார்களே இல்லாத நிலையில், இல்லாத அந்தப் புகார்களின் நகல்களும் தேவை. அவை கிடைத்த நாளிலிருந்து மூன்று நாட்களுக்குள் விளக்கம் சமர்ப்பிக்கப்படும்.

கழுகு இல்லாத புகார்களின் நகலை எடுக்க ஒரு துணைக்குழு போட்டார். துணைக்குழு பதினொரு நாள் எடுத்துக்கொண்டது. அந்தப் பதினொரு நாளும் மனைவி அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள், "பதில் வந்துச்சா?" கல்யாணமான இத்தனை வருடத்தில் அவருடைய வேலையைப் பற்றியோ பொழுதைப் பற்றியோ அவள் இவ்வளவு ஆவலாகக் கேட்டதில்லை. அவருக்கும் அவள் அலுவலகத்தில் என்ன செய்கிறாள் என்று இப்போதுதான் புரிய ஆரம்பித்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கடைசியில் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நேரடி விசாரணை என்று முடிவானது. டாக்டர் சனிக்கிழமையும் இரண்டு செட் கொடுத்திருந்தார். தொட்டியில் பற்கள் வெந்துகொண்டிருக்க, நாற்காலியில் இவர், பக்கத்தில் ஸ்டூல் போட்டு மனைவி. பேரவை முழுவதும் திரையில் கூடியிருந்தது.

கழுகு ஆரம்பித்தார். "எதிரியோடு உறவு வைத்தீர்களா?"

"எதிரி யாருன்னு எழுத்து மூலமாக் கேளுங்க" என்றாள் மனைவி. அவர் அப்படியே அடித்தார்.

கழுகு பதில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இடி முழங்கியது. "உறுப்பினர்களே! ஒரு மகிழ்ச்சியான செய்தி. எதிரி என்றும் எதிரியே என்று நேற்றுச் சொன்னேன். இன்றும் அதையே சொல்கிறேன். யார் எதிரி என்பது மட்டும் மாறியிருக்கிறது. இன்று மதியம் இரண்டு ஐம்பதிலிருந்து அஞ்சாநெஞ்சர் அணி நம் உடன்பிறப்பு. இரண்டும் இனி ஒன்று. இதை முன்கூட்டியே உணர்ந்து எதிரியோடு நட்புப் பாராட்டிய தொலைநோக்காளர் தளபதி பல் அவர்களுக்கு சமாதானத் தூதர் பட்டம் வழங்கப்படுகிறது!"

நாற்பத்தொரு கைதட்டல்கள். முதல் கைதட்டல் கழுகுடையது.

"ஜெயிச்சிட்டோமா?" என்றார் அவர்.

"அவசரப்படாதீங்க" என்றாள் மனைவி. "ஆர்டர் கைக்கு வரட்டும்."

ஆர்டர் வரவில்லை. இணைந்த அமைப்புக்கு நித்திய நட்பு அஞ்சாநெஞ்சப் பேரவை என்று பெயர் வைப்பதா, அஞ்சாநெஞ்ச நித்திய நட்புப் பேரவை என்று வைப்பதா என்பதில் தகராறு வந்தது. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு நட்பு முடிந்து போர் மூண்டது. ஐந்து பத்துக்கு அவருக்குப் புதுக் குற்றப்பத்திரிகை வந்தது. முதல் குற்றம், எதிரியாக இருந்தபோது நட்புப் பாராட்டியது. இரண்டாவது குற்றம், நட்பாக இருந்தபோது பட்டம் பெற்றது.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கரையில் ஆமைக்கும் அவருடைய அணி ஒரு குற்றப்பத்திரிகை கொடுத்திருந்தது. எதிரியின் பேச்சைக் கேட்டு ஆடுகளைக் காப்பாற்றிய குற்றம். இரண்டு விசாரணைகளும் ஒரே விஷயமாக இருந்ததால், போரில் இருந்த இரண்டு அணிகளும் அதற்காக மட்டும் ஒரு கூட்டுக்குழு அமைத்துக்கொண்டன. அன்று அவர்கள் ஒருமனதாக எடுத்த ஒரே முடிவு அதுதான். கூட்டுக்குழு அரை மணி நேரத்தில் தீர்ப்பளித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டுப்படை வந்து இரண்டு கிராமங்களையும் கொளுத்தும். தீர்ப்பின் கடைசி வரி: "உறுப்பினர்கள் தமக்குள் நேரடியாக நட்புக் கொண்டால் பிறகு கூட்டணிகள் எதற்கு?"

இந்த ஒரு வரி மட்டும் தளபதி பல்லுக்கு உடனே புரிந்தது.

ஆமை எழுதியிருந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல. குட்டிங்கதான் பாவம். பொறந்து நாலு நாள்கூட ஆகல."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். தொட்டியை அணைக்கவும் மறந்துவிட்டார். மனைவிதான் அணைத்தாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, சாப்பாட்டு மேஜையில், அவள் கேட்டாள். "ஒரு நாளைக்கு எத்தனை முகமூடின்னு சொன்னீங்க?"

"மூணு."

"ரெண்டு எனக்குக் குடுங்க."

"என்ன எழுதப் போறே? கெஞ்சினாலும் கேக்க மாட்டாங்க. திட்டினா இன்னும் சீக்கிரமா வந்துடுவாங்க."

"இருபத்திரண்டு வருஷமா எங்க ஆபீஸ்ல எந்த வேலையையும் நாங்க மாட்டேன்னு சொன்னதில்லை. நிறுத்தணும்னா ஒரே ஒரு கேள்விதான் கேப்போம். யார் கையெழுத்து மொதல்ல வரணும்?"

அவள் பேரரசர் இடிக்கு ஒரு வரி அடித்தாள். அதே வரியை எதிரணித் தலைவருக்கும் அனுப்பினாள். "கூட்டுப்படைக்குத் தலைமை ஏற்பவர் யார் என்பது தங்களுக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டதா?"

அவர் மூன்றாவது முகமூடியை எடுத்து ஆமைக்கு எழுதினார். "குட்டிங்களை இன்னும் ஓட்டாதீங்க. கொஞ்சம் பொறுங்க."

பத்து மணிக்குக் கூட்டுப்படை ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. பத்து பத்துக்கு நின்றது. பத்தரைக்குப் பேரரசர் இடி, கூட்டுப்படைக்குத் தாமே தலைவர் என்று அறிவித்தார். அடுத்த நிமிடம் எதிரணித் தலைவரும் அப்படியே அறிவித்தார். பத்தே முக்காலுக்கு இரண்டு தலைமைகளையும் ஆராய ஒரு குழு அமைந்தது. குழுவுக்கு யார் தலைவர் என்ற கேள்வி பத்து ஐம்பதுக்கு எழுந்தது. பதினொரு மணிக்கு, கொளுத்துவதற்கென்று குறித்திருந்த அதே நேரத்தில், கூட்டுப்படை தன்னைத்தானே கொளுத்திக்கொள்ள ஆரம்பித்தது.

இருவரும் மேஜையில் தலையோடு தலை வைத்துப் பார்த்தார்கள். திரையில் ஆற்றங்கரை நெடுக ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னத் தீ. நடுவில் இவருடைய ஆடுகள் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. ஒருவரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தக் கழுகு மட்டும் எங்க ஆபீஸ்ல இருந்திருந்தா" என்று மனைவி பெருமூச்சு விட்டாள், "எங்கேயோ போயிருப்பார்."

ஒருவர் ஊரை ஒருவர் கொளுத்தியதில், சாயங்காலத்துக்குள் இரண்டு அணிகளிலும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சவில்லை. ஊர் இழந்தவர்கள் மூட்டையோடு ஆற்றங்கரைக்கு வந்து நின்றார்கள். தளபதி பல்லும் ஆமையும் ஆளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை, ஒரு செட்டை வேகப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது ஒரு முகமூடிக் கடிதம் வந்திருந்தது. பெயர் இல்லை. ஆனால் பெயரைத் தனித் தாளில் எழுதி இணைத்திருந்தது.

"வரலாற்றின் இந்தத் திருப்புமுனையில், எளியேன் தங்கள் கிராமத்தில் தஞ்சம் கோருகிறேன். எனக்கு எந்தப் பதவி ஆசையும் இல்லை. ஏதேனும் ஒரு தலைவர் பதவி போதும்." தனித் தாளில், "இங்ஙனம், இடி."

மனைவிக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினார்.

"மூணு நகல் கேளுங்க" என்றாள் அவள். பின்னால் யாரோ கோப்புக் கட்டைத் தூக்கிப் போடும் சத்தம் கேட்டது.

அவருக்கு மனசு வரவில்லை. ஆமையிடம் கேட்டார். ஆமை சொன்னார், "தலைவருங்க நமக்கு எதுக்கு? வயல்ல களை மண்டிக் கெடக்கு. களை பறிக்கத் தெரியுமான்னு கேளுங்க."

கேட்டார். நாற்பது நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "களை பறித்தல் தொடர்பான விதிகளை அனுப்பிவைக்கவும்."

அவர் மனைவியைக் கேட்காமல் தானே அடித்தார். "விதி ஒண்ணும் இல்லீங்க. குனியணும். அவ்வளவுதான்."

பல் வெந்து முடிந்தது. டப்பாவை எடுத்து ஆறவைத்தார், பிரித்தார், ஈறைத் தேய்த்து மெருகேற்றினார். டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து போனைத் திறந்தார். நாலாவது வயலின் மூலையில், கிரீடம் வைத்த சின்ன உருவம் ஒன்று குனிந்திருந்தது.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு உருவம் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. தலைக்கு மேல் அதன் பெயர் தெரிந்தது. கழுகு, களைப் பிரிவு மேற்பார்வையாளர், பொறுப்பு.